எழுத்தின் முகமும் நடிகரின் முகமும்

ஒரு புதினம் தொலைக்காட்சித் தொடராகப் போகிறது என்ற செய்தி வந்தவுடன் அதன் வாசகர்கள் முதலில் கேட்கும் கேள்வி 'யார் இயக்குகிறார்?' என்பதன்று, 'யார் நடிக்கிறார்?' என்பதே. அதுவும் ஃபேன்டஸி என்று வழங்கும் மிகுபுனைவு வகைப் புதினமாயின் அந்தக் கேள்வி ஒரு காய்ச்சலாகவே மாறிவிடுகிறது. ஒவ்வொரு பெயரும் வெளிவரும் நாளில் ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். மறுசாரார் துக்கம் காக்கிறார்கள். இலக்கியம் பயின்றோர் பலர் இதைச் சினிமாப் பித்து என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். 'நாவலைப் படித்தவனுக்கு நடிகன் எவனாயிருந்தால் என்ன?' என்று கேட்கும் பெரியவர்களை நாமும் அறிவோம். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நடிகர் தேர்வைப் பற்றிய இந்தப் பரபரப்பு பெரும்பாலும் வாசிப்பின் ஒரு வடிவமே. பல வேளைகளில் நல்ல வாசிப்பும்கூட. ஆனால் ஏதோ ஓரிடத்தில் அது வாசிப்பாக இருப்பதை நிறுத்திவிட்டு வேறொன்றாகிவிடுகிறது. அந்த இடம் எது என்பதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

நாம் அறிந்தவற்றுள் இதற்குத் தக்க சான்று, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் புதின வரிசை. முதல் நூலான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996இல் வெளிவந்தது. நான்காம் நூல் 2005இல். 2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எச்பிஓ நிறுவனம் அவ்வரிசையைத் தொடராக்கும் உரிமையைப் பெற்றது. 2008 நவம்பரில் 'பைலட்' எனப்படும் வெள்ளோட்டப் பகுதியை எடுக்க ஒப்புதல் கிடைத்தது. 2009 மே மாதத்தில் டிரியன் லானிஸ்டராகப் பீட்டர் டிங்க்லேஜ் நடிப்பார் என்ற அறிவிப்பு வந்தது. ஜூலையில் ஷான் பீன், கிட் ஹாரிங்டன் முதலியோர். ஆகஸ்டில் மேலும் பலர். நூலாசிரியரும் சும்மா இருக்கவில்லை. பெயரை நேரே சொல்லாமல் புதிர் போட்டுக் குறிப்புக் கொடுப்பார். வாசகர்கள் இராப்பகலாக அமர்ந்து அதை அவிழ்ப்பார்கள். முதல் நூலை வெளிவந்த ஆண்டிலேயே படித்த ஒருவர், டிரியனுக்குத் தம் மனத்தில் ஒரு முகம் வைத்துக்கொண்டு அப்போது பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருப்பார். அவரிடம் போய் 'இதோ உன் டிரியன்' என்று ஒரு புகைப்படத்தை நீட்டினால் அவர் துள்ளவோ துடிக்கவோ செய்வதில் என்ன வியப்பு?

மனத்திலுள்ள அந்த முகத்தைச் சற்று ஆராய்வோம். அது எங்கிருந்து வருகிறது? நூலாசிரியர் தருவது சில குறிப்புகள் மட்டுமே. நம் சிற்றிலக்கியங்களின் கேசாதிபாத வருணனையை எடுத்துக்கொள்ளுங்கள். கூந்தல் தொடங்கிப் பாதம் ஈறாக ஓர் உறுப்பும் விடாமல் உவமை சொல்லப்பட்டிருக்கும். அத்தனையும் படித்து முடித்தபின் அப்பெண்ணைத் தெருவில் கண்டால் அடையாளம் காட்ட நம்மில் யாராலும் இயலாது. வகுப்பில் இத்தகைய ஒரு பகுதியைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னால் நாற்பது மாணவரும் நாற்பது பெண்களை வரைந்து தருவார்கள். எழுத்து முகத்தைத் தருவதில்லை. முகத்தை ஆக்கிக்கொள்ளும் உரிமையை வாசகருக்குத் தருகிறது.

மேலைத் திறனாய்வாளர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். 1811இல் சார்லஸ் லாம், ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனை மேடையில் காட்ட முடியாது என்று வாதிட்டார். மேடையில் தெரிவது கைத்தடி ஊன்றித் தள்ளாடும் ஒரு கிழவர். படிக்கும்போதோ நாம் லியரைப் பார்ப்பதில்லை, லியராகவே ஆகிவிடுகிறோம் என்பது அவர் கட்சி. 'மதாம் பொவாரி' எழுதிய ஃப்ளோபேர் தம் நூலுக்குப் படம் போடுவதற்கே இசையவில்லை. வரையப்பட்ட பெண் ஒரே ஒரு பெண்ணாக நின்றுவிடுவாள், எழுதப்பட்ட பெண்ணோ ஆயிரம் பெண்களை நினைக்கச் செய்வாள் என்ற கருத்துப்பட 1862இல் கடிதம் எழுதினார். ஜெர்மானிய அறிஞர் வோல்ஃப்காங் ஈசர், 'டாம் ஜோன்ஸ்' புதினத்தைப் படித்தவர் அதன் திரைப்படத்தைக் காணும்போது அடையும் ஏமாற்றத்தை எடுத்துக்கொண்டு, எழுத்து விட்டுவைத்த இடைவெளிகளை வாசகரின் கற்பனை நிரப்புவதையும் படம் அவ்விடைவெளிகளை அடைத்துவிடுவதையும் விளக்கினார். ஆக, நடிகர் பெயர் அறிவிக்கப்படும் நாளில் வாசகர் படும் அவஸ்தை அற்பமானதன்று. தாம் ஆக்கிய ஒன்றை இழக்கப்போகிறோம் என்ற உணர்வு அது.

மிகுபுனைவில் இந்த உணர்வு இரட்டிப்பாவதற்குக் காரணம் உண்டு. லண்டனில் நடக்கும் கதையென்றால் வாசகருக்கு லண்டன் வெளியே இருக்கிறது. மார்ட்டினின் வெஸ்டரோஸ் வெளியே எங்கும் இல்லை. அதன் கோட்டைகள், குலங்கள், கொடிகள், கண்ணின் நிறங்கள் எல்லாம் எழுத்தையும் வாசகரையும் மட்டுமே நம்பி நிற்பவை. எனவே ஒரு நிறம் மாறினால் உலகமே சரிகிறதோ என்று அவர் அஞ்சுகிறார்.

அந்த அச்சம் நியாயமானதா என்பதை ஒவ்வொரு குறிப்பாக எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு நாம் கைக்கொள்ளும் கேள்வி ஒன்றே: 'இந்த உடல் அடையாளம் கதையில் என்ன வேலை செய்கிறது?'

முடியின் நிறத்தை எடுத்துக்கொள்வோம். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நூலில் நெட் ஸ்டார்க் ஒரு பழைய வமிசாவளி நூலைப் புரட்டுகிறார். பராத்தியன் குலத்தவர் லானிஸ்டர் குலத்தில் மணம் செய்தபோதெல்லாம் பிள்ளைகள் கருமுடியுடனேயே பிறந்திருப்பதைக் காண்கிறார். மன்னன் ராபர்ட்டின் முறைபிறழ்ந்த பிள்ளைகளும் கருமுடியினர். அரசி செர்சியின் மூன்று பிள்ளைகளோ பொன்முடியினர். அப்பிள்ளைகளின் தந்தை மன்னன் அல்லன் என்ற உண்மை அங்கே வெளிப்படுகிறது. அடுத்து வரும் போர் முழுவதற்கும் அது காரணமாகிறது. இங்கே முடியின் நிறம் அலங்காரமன்று, சாட்சி. இதை ஒரு தொடர் மாற்றினால் கதை நொண்டும். 'பிள்ளைகளுக்குப் பொன்முடி வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்த வாசகர் சரியாகவே படித்திருக்கிறார்.

அதே நூலில் டெனேரிஸின் கண்கள் ஊதா நிறம் என்று சொல்லப்படுகிறது. தொடரின் ஆக்கத்தில் இதற்காகக் கண்வில்லைகள் அணிவித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். இதற்கும் வருந்தியவர்கள் உண்டு. ஆனால் டார்கேரியன் குலத்தின் தனித்தன்மையைக் காட்டும் வேலையை வெள்ளி முடியே செய்துவிடுகிறது. வில்லைக்குப் பின்னே நடிகையின் கண் செத்துப்போகுமானால் நட்டமே மிகுதி. டெனேரிஸ் நூலில் கதை தொடங்கும்போது பதின்மூன்று வயதுச் சிறுமி; தொடரில் அவள் வயது கூட்டப்பட்டது. அவளுக்கு நேர்வனவற்றை எண்ணிப் பார்ப்பவர் யாரும் அம்மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டார்.

டிரியன் சற்றுச் சிக்கலானவன். நூலில் அவன் குள்ளன் மட்டுமல்லன். அழகற்றவன், துருத்திய நெற்றியும் இரு நிறக் கண்களும் உடையவன். இரண்டாம் நூலின் பெரும்போரில் மூக்கின் பெரும்பகுதியை இழக்கிறான். டிங்க்லேஜ் அழகர், தொடரில் அவர் முகத்தில் ஏறியது ஒரு வடு மட்டுமே. டிரியனின் உயிர்நிலை அவன் நாக்கில் இருக்கிறது. ஏளனம் வரும் முன்னே ஏளனத்தைத் தானே சொல்லி முடித்துவிடும் சாதுரியம் அவனுடையது. அதை டிங்க்லேஜ் அளித்த அளவுக்கு வேறொருவர் அளித்திருக்க இயலுமா என்பது ஐயமே. எம்மி விருது நான்கு முறை அவரைத் தேடி வந்தது. ஆயினும் மூக்கைக் கேட்ட வாசகரை நாம் இகழமாட்டோம். நகரைக் காத்தவனுக்குப் பரிசாகக் கிடைத்தது மேலும் விகாரமான முகமும் மக்களின் வெறுப்பும் என்பது நூலின் கசப்பு. அழகிய முகத்தில் ஓர் அழகிய வடு அந்தக் கசப்பைச் சற்று இனிப்பாக்கிவிட்டது. இது திறனாய்வு, இதற்கு இடம் வேண்டும்.

ஷான் பீன் தேர்வில் வேறொரு நுட்பம் இருந்தது. 2009இல் அறிவிக்கப்பட்டவர்களுள் பரவலாக அறிமுகமான முகம் அவருடையது. இவ்வளவு பெரிய நடிகர் நெட் ஸ்டார்க்காக வருகிறார் என்றால் கதைத்தலைவர் அவரே என்று, நூலைப் படியாதவர் நம்பினார். முதல் பருவத்தின் ஒன்பதாம் பகுதியில் அவர் தலை வெட்டப்படுகிறது. இன்னும் பாராத அன்பர்கள் பொறுத்தருள்க. 2011இல் நடந்து முடிந்த கதை அது. புதினத்தில் மார்ட்டின் செய்த அதே ஏமாற்றை, நடிகர் தேர்வே ஒரு கதையுத்தியாகத் தொடரில் செய்துவிட்டது. இதில் நம்மைக் கவர்ந்த செய்தி என்னவெனில், தலை போகும் என்று அறிந்திருந்த வாசகர்கள் வாய்மூடி இருந்ததே. 2013இல் சிவப்புத் திருமணப் பகுதி ஒளிபரப்பானபோதும் அப்படியே. 2000இல் தாம் படித்து அதிர்ந்ததை, அருகில் இருந்த நண்பர் அதிரும்வரை பதின்மூன்று ஆண்டுகள் பொத்தி வைத்திருந்தவர்கள் பலர். இவர்களைப் பித்தர்கள் என்று அழைப்பதா, நல்ல வாசகர்கள் என்று அழைப்பதா?

இதுவரை சொன்னது வெளிச்சம். இனி இருட்டு.

2022 ஆகஸ்டில் 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடங்கியது. மார்ட்டினின் 'ஃபயர் அண்ட் பிளட்' நூலிலிருந்து பிறந்த தொடர் அது. கடலோடிக் குலத்தலைவர் கோர்லிஸ் வெலேரியனாகக் கறுப்பின நடிகர் ஸ்டீவ் டூசான்ட் தேர்வானபோது அவர்மீது இனவசை பொழியப்பட்டது. வசைபாடியோர் கையில் எடுத்த ஆயுதம் 'நூலில் அப்படி இல்லையே' என்பது. உண்மைதான், நூலில் வெலேரியன் குலத்தவர் வெண்ணிறத்தவர். நம் கேள்வியையே இங்கும் கேட்போம். அக்குலத்தின் தோற்றம் கதையில் என்ன வேலை செய்கிறது? இளவரசி ரெனீரா, கோர்லிஸின் மகன் லேனோரை மணக்கிறாள். பிறந்த பிள்ளைகள் பழுப்பு முடியுடன் இருக்கிறார்கள். இவர்கள் லேனோரின் பிள்ளைகள் அல்லர் என்று அரண்மனை கிசுகிசுக்கிறது. அதுவே பின்னர் உள்நாட்டுப் போருக்கு விதையாகிறது. லேனோர் கறுப்பராயிருக்கும் தொடரில் இந்த ஐயம் குறைகிறதா? மாறாக, பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் புரிகிறது; வாய்திறந்து சொல்லத்தான் எவருக்கும் துணிவில்லை. அந்த அடையாளம் செய்ய வேண்டிய வேலையைத் தொடர் முன்னிலும் கூர்மையாகச் செய்திருக்கிறது. நூலைக் காக்கப் புறப்பட்டதாகச் சொன்னவர்கள் நூலைப் படிக்கவில்லை என்பதே நம் முடிவு.

இதனினும் கொடியது அதே ஆண்டு மே மாதம் நடந்தது. ரிக் ரியார்டனின் 'பெர்சி ஜாக்சன்' புதினங்களைத் தொடராக்கும் பணியில், அன்னபெத் பாத்திரத்துக்கு லியா ஜெஃப்ரிஸ் என்ற கறுப்பினச் சிறுமி தேர்வானாள். அப்போது அவளுக்கு வயது 12. நூலில் அன்னபெத் பொன்னிறக் கூந்தலும் சாம்பல் நிறக் கண்களும் உடையவள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின்மீது வளர்ந்தவர்கள் ஏவிய வசை, நூலாசிரியரே எழுந்து பதில் எழுதும் அளவுக்குப் போயிற்று. பாத்திரத்தின் இயல்பை உயிர்ப்பிப்பவர்களையே தேடினோம், அவளைத் தேர்ந்ததில் தமக்கும் பங்குண்டு, தோற்றத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைத் தகுதியற்றவள் என்பது இனவெறியே என்று ரியார்டன் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

அன்னபெத் யார்? அறிவுத் தெய்வம் அதீனாவின் மகள், போர்த்திட்டம் வகுப்பவள், கட்டடக் கலைஞர் ஆக விரும்புபவள். அந்நூல்களில் உண்மையாகவே கதையைத் தாங்கும் குறி ஒன்றுண்டு. கற்றல் குறைபாடுடைய தம் மகனுக்குச் சொன்ன கதையிலிருந்தே ரியார்டன் இப்புதினத்தை உருவாக்கினார். ஆகையால் அவர் படைத்த தெய்வப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். ஓரிடத்தில் அமர மாட்டார்கள். அந்தக் குறையே அவர்களின் தெய்வப் பிறப்புக்கு அடையாளம். வகுப்பில் கடைசி இருக்கைக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள் தம்மை அந்நூலில் கண்டார்கள். அத்தகைய நூலின் பெயரால் ஒரு பிள்ளையை 'நீ இங்கே உட்காரத் தகாதவள்' என்று விரட்டியது எவ்வளவு பெரிய தவறான வாசிப்பு!

'ஒவ்வொரு சொல்லும் முக்கியம் என்று மாணவருக்குக் கற்பிக்கும் நீங்களே, நூலில் உள்ள சொல்லை மாற்றலாம் என்கிறீர்களே' என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. சொல்லை மாற்றலாம் என்று நாம் சொல்லவில்லை. நூலில் அச்சொல் என்றும் இருக்கும். தொடர் எடுப்பவர் யாரும் நூலகத்துக்குப் போய் அதை அழித்துவிட்டு வருவதில்லை. தொடர் என்பது வேறொரு கலை. அது நூலின் எந்தச் சொல்லை உடலாக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்த்து, விட்டதால் என்ன போயிற்று என்று கேட்பதே நம் வேலை. பொன்னிறக் கூந்தல் கொண்ட பெண்ணை அறிவிலி என்று கேலி செய்யும் மேலைநாட்டு வழக்கத்தை அன்னபெத் எதிர்கொள்கிறாள், அதனால் அந்நிறத்துக்கும் பொருள் உண்டு என்று ஒருவர் வாதிட்டால் அதை நாம் காது கொடுத்துக் கேட்போம். தோற்றத்தால் குறைத்து மதிப்பிடப்படும் துயரம் கறுப்பினச் சிறுமிக்குக் குறைவா என்று திருப்பிக் கேட்கவும் செய்வோம். உரையாடல் நடக்கும். வசையில் உரையாடலுக்கு இடமில்லை.

எல்லா எதிர்ப்பும் வெறுப்பன்று என்பதற்கு இன்னொரு சான்று. 'ஹாரி பாட்டர்' புதினங்களைத் தொடராக்கும் எச்பிஓ, 2025 ஏப்ரலில் ஸ்னேப் பாத்திரத்துக்குப் பாப்பா எசீடு என்ற கறுப்பின நடிகரை அறிவித்தது. 'ஸ்னேப் இப்படியா இருப்பார்?' என்று குரல்கள் எழுந்தன. எப்படி இருப்பார் என்று கேட்டால் பலர் காட்டுவது ஆலன் ரிக்மனின் முகம். முதல் படம் வெளிவந்த 2001இல் ரிக்மனுக்கு வயது 55. நூலின்படி அப்போது ஸ்னேப் முப்பதைத் தாண்டிய இளைஞர். அந்த வேறுபாட்டை ரசிகர்கள் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். வயதளவில் நூலுக்கு நெருக்கமானவர் எசீடுவே. ஆகவே 'நூலில் உள்ளபடி' என்ற கோரிக்கை பலரிடம் 'படத்தில் கண்டபடி' என்பதன் மாறுவேடமாகவே இருக்கிறது. அதே சமயம் வேறு சிலர் எழுப்பிய ஓர் ஐயத்தை நாம் மதிக்கிறோம். பள்ளிப் பருவத்தில் ஹாரியின் தந்தையும் நண்பர்களும் ஸ்னேப்பைத் துன்புறுத்துகிறார்கள். துன்புறுத்தப்படுபவர் கறுப்பரானால் அக்காட்சிகளின் பொருளே மாறிவிடாதா என்பது அந்த ஐயம். இது அடையாளம் செய்யும் வேலையைப் பற்றிய கேள்வி. இதற்குத் தொடர் எடுப்பவர்களே தம் எழுத்தால் விடை சொல்ல வேண்டும்.

நிறுவனங்களைப் பற்றியும் ஒரு சொல். நடிகர் பெயர்களைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது அவர்களுக்குச் செலவில்லாத விளம்பரம். வாசகரின் பதின்மூன்றாண்டு ஏக்கம் அங்கே சரக்காகிறது. நடிகர்மீது வசை பொழியும்போது அவர்களைக் காக்க வேண்டிய முதற்கடமை, அவர்களைச் சந்தைக்கு அழைத்து வந்த நிறுவனத்துக்கே உண்டு. அவ்வாறு காப்பதையே கேடயமாக்கிக்கொண்டு, திரைக்கதையின் ஓட்டையைச் சுட்டுவோர் அனைவரையும் இனவெறியர் கணக்கில் சேர்ப்பதும் நியாயமன்று. நல்ல விமரிசகரையும் வசைபாடியையும் ஒரே தட்டில் வைத்தால் இலாபம் அடைபவர் வசைபாடியே.

இறுதியில் வாசகர் இழப்பது என்ன? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்கள், 73 பகுதிகள் ஓடி முடிந்தது. புதின வரிசை முடியும் முன்னரே தொடர் முடிந்துவிட்டது. இன்று நூலை முதன்முறை கையில் எடுப்பவரில் எத்தனை பேரால் டிங்க்லேஜின் முகமில்லாமல் டிரியனைக் காண முடியும்? ஆனால் இந்த இழப்புக்கு டிங்க்லேஜ் பொறுப்பல்லர். டூசான்ட்டும் பொறுப்பல்லர்; ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி நிச்சயமாகப் பொறுப்பல்லள். எழுத்து கண்ணுக்குத் தெரியும் படமாகும்போது எந்த நடிகர் வந்தாலும் நேரும் இழப்பு அது. நூலில் உள்ளபடியே அச்சொட்டாக ஒருவர் கிடைத்திருந்தாலும், ஃப்ளோபேர் அஞ்சியது நடந்தே இருக்கும்.

ஆதலால் நாம் இளைய வாசகருக்குச் சொல்ல விரும்புவது இது. உங்கள் பரபரப்பைக் கண்டு நாணவேண்டாம். நூலை நேசிப்பவரே இவ்வளவு பதறுவார். அடுத்த அறிவிப்பு வருமுன் அந்நூலை மறுபடி ஒருமுறை படித்து, எந்த அடையாளம் கதையைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பென்சிலால் கோடிட்டு வையுங்கள். அறிவிப்பு வந்தபின் அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு வாதிடுங்கள். நடிகரின் தோலை வைத்துக்கொண்டு வேண்டாம். நாம் மேலே சொன்னவற்றில் மாறுபடும் நண்பர்களும் நூலிலிருந்தே சான்று காட்டி மறுக்கலாம். அதுவே நாம் விரும்புவது.